ஐந்தில் ஒரு வினாடி: பதினெட்டு அடி தூரம்!

நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். அதன் பின்னால் ஒரு லாரி. முன்னே ஏதோ தடங்கல். மோட்டார் சைக்கிள்காரர் பிரேக்கை அழுத்துகிறார்.

அந்தக் கணத்தில் அவருடைய உயிர் அவர் கையில் இல்லை; பின்னால் வருகிற டிரைவரின் கண்ணில் இருக்கிறது. "நிற்கிறேன், நீயும் நில்" என்று அந்தக் கண்ணுக்குச் செய்தி சொல்வது, வண்டியின் வாலில் பொருத்தியிருக்கும் ஒரு சிறிய சிவப்பு விளக்கு.

அந்த விளக்கு எரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "ஸ்விட்சைத் தட்டினால் எரிந்துவிட்டுப் போகிறது, இதில் நேரம் எங்கே வந்தது?" என்று தோன்றும். நேரம் ஆகத்தான் செய்கிறது. பழைய தினுசு பல்பின் உள்ளே இருப்பது டங்ஸ்டன் கம்பி இழை. மின்சாரம் பாய்ந்து, கம்பி சூடேறி, சிவந்து, பிறகு வெண்மையாக ஜொலித்தால்தான் வெளிச்சம். இரும்பைக் கொல்லன் உலையில் வைத்தவுடனே பழுத்துவிடுகிறதா? அதே கதைதான் இங்கேயும். பிரேக் விளக்கு பல்பு தன் முழு வெளிச்சத்தை எட்ட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கிறது.

கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி, அந்த நேரத்துக்குள் ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி முன்னே வந்துவிடுகிறது!

எல்.இ.டி. விளக்குக்கு இந்தச் சோம்பல் கிடையாது. அதில் இழையும் இல்லை, சூடேற வேண்டிய வேலையும் இல்லை. மின்சாரம் தொட்டதும் வெளிச்சம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் மனிதர்களை உட்கார வைத்தே இதைச் சோதித்தார்கள். இரண்டு தினுசு பிரேக் விளக்குகளையும் மாற்றி மாற்றி எரியவிட்டு, பார்க்கிறவர் எவ்வளவு சீக்கிரம் உணர்கிறார் என்று கணக்கெடுத்தார்கள். எல்.இ.டி. விளக்கைக் கண்டவர்கள் 166 மில்லி வினாடி முந்திக்கொண்டார்கள். மேலே சொன்ன வேகத்துக்கு இது சுமார் பதினைந்து அடி. காகிதக் கணக்கில் பதினெட்டு, மனிதக் கணக்கில் பதினைந்து. இடிபடுவதற்கும் தப்புவதற்கும் நடுவே பதினைந்து அடி என்பது அற்பம் அல்ல.

சாலையின் ராஜா

தொலைதூரப் பிரயாணத்துக்கு என்றே செய்யப்படும் மோட்டார் சைக்கிள்கள் ஒரு தனி ஜாதி. அவற்றில் பேர் பெற்றது ஹோண்டா கம்பெனியின் 'கோல்டு விங்'. 1974-ம் ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியில் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. செய்தவர்கள் ஜப்பானியர், ஆனால் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் அமெரிக்கர்கள். 1980-லிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒஹையோ மாநிலத்து மேரிஸ்வில் ஊரிலேயே அந்த வண்டி தயாராகி வந்தது.

நாலு சிலிண்டரில் தொடங்கி, 1988 மாடலில் ஆறு சிலிண்டர் ஆயிற்று. 2001 மாடலில் என்ஜின் 1,832 சி.சி.யாகப் பெருத்தது. சின்னக் காருக்குப் போதுமான என்ஜின்! வண்டியின் எடை 400 கிலோவுக்கு மேல். இரு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெரிய பெட்டி, சாய்ந்துகொள்ள முதுகணை, ரேடியோ... சம்சாரத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அட்லாண்டிக் கரையில் புறப்பட்டுப் பசிபிக் கரையில் போய் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய வண்டி, பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரிகிறது? பகலில் தெரிகிறது. மழை இரவில் தெரிவதெல்லாம் சில சிவப்புப் புள்ளிகள். கார் என்றால் இரு பக்க விளக்குகளுக்கு நடுவே நாலைந்து அடி அகலம் இருக்கும். அந்த அகலத்தை வைத்தே தூரத்தை மனம் மதிப்பிட்டுவிடும். மோட்டார் சைக்கிளின் விளக்குகள் நெருங்கி இருப்பதால், பக்கத்தில் இருக்கிற வண்டி தூரத்தில் போகிற கார்போல ஏமாற்றும்.

எல்லாப் பயத்தையும் பின்பக்கத்தின் மேலேயே போட்டுவிடுவதும் சரியல்ல. அமெரிக்க சர்க்காரின் கணக்குப்படி, மோட்டார் சைக்கிளும் வேறொரு வாகனமும் மோதி உயிர்ச் சேதம் ஏற்பட்ட விபத்துகளில், மோட்டார் சைக்கிள் முன்பக்கம் அடிபட்டவை நூற்றுக்கு எழுபத்தைந்து அளவில் இருக்கின்றன. பின்னாலிருந்து இடிபட்டவை நூற்றுக்கு ஏழு அளவுதான். ஆனால் இந்த ஏழுக்கு ஒரு கொடுமை உண்டு. முன்னால் வருகிற ஆபத்தை ஓட்டுகிறவர் பார்க்கிறார். ஒதுங்கலாம், பிரேக் போடலாம். சிக்னலில் காலூன்றி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வருவதை அவர் பார்ப்பதே இல்லை. அதிலும் முதல் அடி பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு!

எடிசன் வீட்டில் பிறந்த எதிரி

எல்.இ.டி. என்பது 'ஒளி உமிழும் டயோடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இதன் பூர்வோத்தரம் விசித்திரமானது.

1907-ல் ஹென்றி ரவுண்டு என்ற ஆங்கிலேயர், சாணைக்கல்லுக்குப் பயன்படும் கார்போரண்டம் துண்டில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது அது மினுங்கியதைக் கண்டார். எழுதி வைத்தார்; யாரும் சட்டை செய்யவில்லை. 1920-களில் ரஷ்யாவில் ஓலெக் லோசெவ் என்ற இளைஞர் அதே வெளிச்சத்தைத் தாமாகவே கண்டு, வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். 1942-ல் லெனின்கிராட் நகரத்தை ஜெர்மன் சேனை முற்றுகையிட்டிருந்தபோது பட்டினியால் செத்துப் போனார். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் செய்து காட்டியவர் நிக் ஹோலன்யாக். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் வேலை பார்த்தது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில். அந்தக் கம்பெனி எடிசனின் கம்பெனியையும் இன்னொன்றையும் இணைத்து 1892-ல் உண்டானது. இழை பல்பால் பெயரெடுத்த எடிசனின் வாரிசு வீட்டிலேயே இழை பல்புக்கு எமன் பிறந்தான்!

நீல எல்.இ.டி. செய்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்புக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஹோலன்யாக் 2022-ல் 93 வயதில் காலமானார். சாலையில் பிரேக் பிடிக்கிற வண்டிகளின் வாலில் எல்லாம் அவருடைய சிவப்புதான் எரிகிறது என்பதை நினைத்தால், பரிசுக் குழுவினர்மேல் கொஞ்சம் வருத்தம் வரத்தான் செய்யும்.

ஒரு பல்பு, இரண்டு இழை

கோல்டு விங் வண்டியில் ஹோண்டா கம்பெனியே விளக்குகள் அத்தனையையும் எல்.இ.டி. ஆக்கியது 2018 மாடலில்தான். அதற்கு முந்தைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் குளிர்காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து தாங்களே விளக்கை மாற்றிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான பழைய வண்டிகளின் பின்விளக்கில் இருப்பது, அமெரிக்கக் கடைகளில் '1157' என்று எண் சொல்லிக் கேட்கிற பல்பு. அதனுள் இரண்டு இழைகள். மெல்லியது இரவு முழுவதும் எரிகிற வால் விளக்கு; தடித்தது பிரேக் விளக்கு. பல்பின் அடியில் இரு பக்கமும் இரண்டு சிறு முளைகள் உண்டு. அவை ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. தலைமாறிச் செருகி, வால் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் பிரேக் விளக்கு எரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த யுக்தி. இதே அடிப்பாகத்தோடு எல்.இ.டி. பல்பும் கிடைக்கிறது. பழையதை அழுத்தித் திருகி எடுக்க வேண்டும். புதியதை அழுத்தித் திருகிச் செருக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

மின்சாரம் மிச்சப்படுவது இன்னொரு லாபம். 1157 பல்பின் பிரேக் இழை ஒன்றே சுமார் 27 வாட் சாப்பிடுகிறது. இரண்டு பல்புக்கு 54 வாட். எல்.இ.டி. அதே வேலையைச் சில வாட்டில் முடித்துவிடும். 1987 வரையில் வந்த கோல்டு விங் வண்டிகளில் மின்சாரம் உண்டாக்குகிற சுருள், என்ஜினின் பின்புறத்துக்கு உள்ளே இருந்தது. முதல் மாடலில் அது கொடுத்ததே 300 வாட் அளவுதான். குளிருக்கு மின்சூட்டுச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டால் அதற்கே 75 வாட் போய்விடும். சுமை மிஞ்சி அந்தச் சுருள் கருகினால், மாற்றுவதற்கு என்ஜினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும்! அந்த வண்டிக்காரர்கள் ஒவ்வொரு வாட்டையும் காசு எண்ணுவதுபோல எண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவதாக, அதிர்ச்சி. கரடுமுரடான சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கினால் இழை அறுந்து போகும். அறுந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது! எல்.இ.டி.யில் அறுவதற்கு இழை இல்லை.

அதிக வெளிச்சமே அபாயம்

இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். கடையில் தொங்குகிற மலிவுச் சரக்கை வாங்கிச் செருகி, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்கள் அநேகம்.

முதல் விஷயம் நிறம். "சிவப்புக் கண்ணாடிதான் மூடியிருக்கிறதே, உள்ளே வெள்ளை எல்.இ.டி. போட்டால் இன்னும் பளிச்சென்று இருக்கும்" என்று நினைப்பார்கள். இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாகக் கலந்திருக்கிறது. வெள்ளை எல்.இ.டி.யில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை விழுங்கிவிடும். கண்ணாடி சிவப்பானால் எல்.இ.டி.யும் சிவப்பாகவே இருக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல மோட்டார் சைக்கிள்களில் அதே பல்பு, கூட்டின் அடியில் உள்ள நிறமற்ற கண்ணாடி வழியாக நம்பர் பலகைக்கும் வெளிச்சம் கொடுக்கிறது. சிவப்பு எல்.இ.டி. போட்டால் நம்பர் பலகையும் சிவந்துவிடும். போலீஸார் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு, சிவப்போடு அடிப்பக்கம் மட்டும் வெள்ளைப் பொட்டுகள் வைத்த பல்பைத் தேடி வாங்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம்: வித்தியாசம். பின்னால் வருகிறவர் "பிரேக் போட்டுவிட்டார்" என்று உணர்வது வெளிச்சத்தால் அல்ல. வெளிச்சம் திடீரென்று கூடுவதால். அமெரிக்க விதிப்படி, வால் விளக்கோடு சேர்ந்திருக்கும் பிரேக் விளக்கு, வால் விளக்கைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு ஒளிர வேண்டும். மட்டமான எல்.இ.டி. பல்புகளில் வால் விளக்கே கண்ணைப் பறிக்கும். பிரேக் போட்டால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வாங்கியவர் "என்ன வெளிச்சம்!" என்று மகிழ்ந்து போவார். பின்னால் வருகிற டிரைவருக்கோ அவர் எப்போது பிரேக் போடுகிறார் என்பதே தெரியாது. இதைவிடப் பழைய மங்கல் பல்பே மேல்.

மூன்றாவது, வெளிச்சம் போகிற திசை. பழைய விளக்குக் கூட்டின் உள்ளே பளபளப்பான கிண்ணம் இருக்கிறது. பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்து அந்தக் கிண்ணத்தை வார்த்திருக்கிறார்கள். இழை எல்லாத் திசையிலும் ஒளி வீசும். கிண்ணம் அதைத் திரட்டிப் பின்னால் அனுப்பும். எல்.இ.டி. ஒரு பக்கம் மட்டுமே பார்க்கும். எல்லாப் பொட்டுகளும் நேராக வெளியே பார்க்கும்படி செய்த பல்பை அந்தக் கூட்டில் செருகினால், கிண்ணம் இருட்டாகவே கிடக்கும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் எரியும். பக்கவாட்டிலிருந்து வருகிறவருக்கு அதுவும் தெரியாது. பக்கங்களிலும் பொட்டுகள் உள்ள பல்பே தகும். அந்தக் கூடு பரீட்சையில் தேறியது இழை பல்போடுதான் என்பதையும் மறக்கக் கூடாது. எல்.இ.டி. போட்டபிறகும் தேறும் என்பதற்கு அட்டைப் பெட்டியின்மேல் அச்சடித்த விளம்பரம் அத்தாட்சி ஆகாது. "பொதுச் சாலைக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் போட்டு விற்கிற சரக்கும் உண்டு.

துடிக்கிற இண்டிகேட்டர்

பிரேக் விளக்கை மாற்றியவர் அடுத்தபடி இண்டிகேட்டரில் கை வைப்பார். வைத்தவுடன் அது பைத்தியம் பிடித்ததுபோல் படபடவென்று துடிக்கும். வண்டி கெட்டுவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷர், பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை அளந்து வேலை செய்கிறது. எல்.இ.டி. வெகு குறைவாக எடுப்பதால், "ஒரு பல்பு அறுந்துவிட்டது" என்று அது நினைத்துக்கொண்டு வேகமாகத் துடித்து எச்சரிக்கை கொடுக்கிறது. சிலவற்றில் துடிக்காமலே நின்றுவிடுவதும் உண்டு.

இதற்கு ஒரு குறுக்கு வழியாக ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, மின்சாரத்தை வீணாக எரித்து ஃபிளாஷரை ஏமாற்றுகிறார்கள். மிச்சம் பிடிக்க எல்.இ.டி. போட்டுவிட்டு, மிச்சத்தை அடுப்பில் போடுவது என்ன நியாயமோ! தவிர, அந்த ரெசிஸ்டர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டி வைத்தால் உருக்கிவிடும். எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷரையே வாங்கி மாட்டுவதுதான் முறை.

புது வண்டிகளில் வேறு தொல்லை. ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2004-ல் தன் பெரிய பிரயாண வண்டியில் கம்பிகளுக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டரைக் காவல் வைத்தது. பல்பை மாற்றினால் அது உடனே கண்டுகொண்டு முன்பலகையில் புகார் எழுதிவிடும். அந்த வண்டிக்கென்றே செய்த பல்பு வேண்டும்.

பெட்டியின்மேல் இன்னொரு விளக்கு

பல்பை மாற்றுவதோடு நில்லாமல், பின்பெட்டியின் உயரத்தில் நீளமான எல்.இ.டி. பட்டை ஒன்றைச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. 1970-களின் தொடக்கத்தில் ஜான் வோயவோட்ஸ்கி என்ற மனோதத்துவ நிபுணர், சான்பிரான்சிஸ்கோ நகரத்து டாக்ஸிகள் 343-ல் பின்னால் நடுவில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கைப் பொருத்திச் சோதித்தார். விளக்கு இல்லாத டாக்ஸிகளைவிட அவற்றுக்குப் பின்னால் இடிபட்டது 60.6 சதவிகிதம் குறைந்தது. பிறகு 1986 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம் ஆயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எல்லாக் கார்களிலும் வந்தபிறகு கண் பழகிவிட்டது. 1998-ல் அமெரிக்க சர்க்கார் கணக்குப் பார்த்தபோது, நிரந்தர லாபம் 4.3 சதவிகிதம் என்று சுருங்கியிருந்தது. புதுமைக்குக் கவர்ச்சி உண்டு, அது நிலைப்பதில்லை. பிரேக் போட்டதும் மூன்று நாலு தடவை மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிற கருவியும் விற்கிறார்கள். சில மாநிலங்களில் அனுமதி, சிலவற்றில் இல்லை. பல மாநிலங்கள் வழியாகப் போகிற பிரயாணிக்கு இது பெரிய சங்கடம்.

எந்த விளக்கும் தீர்க்காத குறை ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள்காரர்கள் பலரும் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியும் கியரைக் குறைத்துமே வேகத்தைக் குறைப்பார்கள். பெரிய என்ஜின் என்றால் வண்டி சட்டென்று தணியும். பின்னால் விளக்கு எரியாது. அனுபவசாலிகள் அப்போது பிரேக்கை லேசாக இரண்டு தடவை தொட்டு விளக்கை மினுக்குவார்கள்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. புல்லட்டுக்குக் கண்ட கண்ட நிறத்தில் விளக்குத் தோரணம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மாற்றி முடித்தபின் ஒரு சோதனை அவசியம். இருட்டியதும் ஒருவரை வண்டியில் உட்காரச் சொல்லி, இன்னொருவர் ஐம்பது கஜம் பின்னால் போய் நிற்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பின் பிரேக்கைத் தனியாக மிதித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. நேரே பின்னால் நின்றும், இரு பக்கம் நகர்ந்தும் பார்த்து, வெளிச்சம் கூடுவது சந்தேகமில்லாமல் தெரிகிறதா என்று தீர்மானிக்க வேண்டும். உச்சி வெயிலில் இதையே மறுபடி பார்ப்பது இன்னும் நல்லது.

கழற்றிய பழைய 1157 பல்புகளை விவரம் தெரிந்தவர்கள் எறிந்துவிடுவதில்லை. பஞ்சில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் போட்டு வைக்கிறார்கள். நட்ட நடுப் பாலைவனத்தில் எல்.இ.டி. கண்ணை மூடிக்கொண்டால், அடுத்த ஊர் வரைக்கும் அந்தக் கிழட்டுப் பல்பு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.